குழியில் ஆளை இறக்கும் முன்

மகனுக்கு அத்தாவின் ஸலாம். நீ சுகமாகத்தான் இருப்பாய். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவனுக்கு உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது? இன்று காலை நான் கொடுத்த தந்தி இந்தக் கடிதத்துக்கு முன்பே உன் கைக்கு வந்திருக்கும். ‘சனிக்கிழமை தொட்டியில் ஆளை இறக்காதே. அந்தப் பெரியவரைக் கேள். கடிதம் வருகிறது.’ நான் சொன்னது இவ்வளவுதான். தந்தி ஆபீஸ் குமாஸ்தா அதை இங்கிலீஷில் எழுதிவிட்டு, சாவுச் செய்தியா பாய் என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீயும் அதைப் படித்துவிட்டுச் சிரித்திருப்பாய். எங்க அத்தா திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு என் பாக்டரியை நடத்தப் பார்க்கிறார் என்று பக்கத்தில் இருக்கிறவனிடம் காட்டியும் இருப்பாய். காட்டிக்கொள். ஆளை மட்டும் இறக்காதே. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். எட்டுப் பக்கம். மெட்ராஸ் பக்கத்தில் ஒரு பெரிய தோல் பாக்டரியில் நாற்பது பேருக்கு மேலே உன்னை மேற்பார்வைக்கு வைத்து மூன்று மாதம் ஆகிறது, அதற்குள் எட்டுப் பக்கத்துக்கு ஞானம் வந்துவிட்டது. நாலரைக்கு எழுந்திருப்பது, பச்சைத் தண்ணீர்க் குளியல், கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷ் பேப்பரைச் சத்தம் போட்டுப் படிப்பது, ராத்திரி டைரியில் அன்றைய குறைகளை எழுதுவது, திங்கட்கிழமைதோறும் ஆட்களை வரிசையாக நிறுத்தி வைத்து மைக்கில் கால் மணி நேரம் பேசுவது. ‘நான் பேசும்போது ஒருவன் இருமுவதில்லை’ என்று எழுதியிருக்கிறாய். உன் பேச்சில் மயங்கியா இருமாமல் நிற்கிறார்கள்? கூலிக்கு நிற்கிறார்கள். இருமினால் உனக்குப் பிடிக்காது என்று தெரிந்து, இருமலை விழுங்கிக்கொண்டு நிற்கிறார்கள். இருமலையே விழுங்குகிறவர்கள் வேறு எதையெல்லாம் விழுங்குவார்கள் என்று நீ யோசிக்கவில்லை. யோசிக்க உனக்கு எங்கே நேரம், கண்ணாடி முன்னால் நிற்க வேண்டுமே.

உன் பழக்கங்களைப் பற்றி உன் அம்மாவுக்கும் எனக்கும் தெரியாததா? கர்லாக்கட்டை சுற்றப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கினாய். பதினொரு நாள் சுற்றினாய். இப்போது கொல்லைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க உன் அம்மா அதை அண்டை கொடுத்து வைத்திருக்கிறாள். அதன் பிறகு ஹிந்தி. மூன்றாம் பாடத்தில் ஒரு யானை படம் இருக்கும், அதற்குமேல் நீ போனதை நான் பார்க்கவில்லை. அப்புறம் தினமும் ஐந்து வக்தும் ஜமாஅத்தோடு தொழப் போகிறேன் என்று பேகம்பூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். சொல்லித் திரிந்ததிலேயே இரண்டு வக்து போய்விட்டது. உன்னை நையாண்டி செய்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை என்று சொன்னால் அது பொய். நையாண்டி செய்யத்தான் எழுதுகிறேன். எனக்கு அது நன்றாக வரும். அதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே.

மேடைப் பேச்சு விஷயத்தில் நீ உன் மாமுவைக் கொண்டிருக்கிறாய். உன் அம்மாவுக்கு இது பிடிக்காது, ஆனாலும் எழுதுகிறேன். அவர் முனிசிபல் தேர்தலுக்கு நின்ற வருஷம் ஊரில் மைக் இல்லாத முக்கே கிடையாது. வாயைத் திறந்தால் ஒரே எழுத்தில் ஒன்பது வார்த்தை அடுக்குவதற்குத்தான் எல்லாரும் படித்துக்கொண்டிருந்தார்கள். உன் மாமு தண்ணீரைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். தண்ணீர், தாகம், தாய், தமிழ் என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நடுவில் ஒரு பெண் எழுந்து, எங்க தெருக் கொழாயில நாலு நாளா காத்துத்தான் வருது என்றாள். உன் மாமு அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தாய்மார்கள் அமைதி காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தண்ணீரைப் பற்றி அன்றைக்கு அந்த மைதானத்தில் பேசிய ஒரே ஆள் அவள்தான், அவளை உட்கார வைத்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் இருந்து பெரிதாகக் கை தட்டியவன் நான்.

சரி, உன் கடிதத்தின் ஏழாம் பக்கத்துக்கு வருகிறேன். அதுவரை நானும் உன் அம்மாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். பாக்டரியில் கழிவுத் தண்ணீர்த் தொட்டி ஒன்று ஆறு வாரமாக மூடிக் கிடக்கிறது என்றும், வெளிநாட்டிலிருந்து தோல் வாங்குகிறவர்கள் பார்க்க வருவதால் சனிக்கிழமை ஆட்களை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்யப் போகிறாய் என்றும் எழுதியிருக்கிறாய். வேலைக்காரப் பெரியவர் ஒருவர் உன்னிடம் வந்து, தொட்டியை முதலில் திறந்து போட வேண்டும் என்று என்னவோ இழுத்தாராம். நீ அவரை முழுக்கச் சொல்ல விடவில்லை. ‘தாத்தா, பயமாயிருந்தா வீட்டுல பேரனுக்குத் தொட்டில் ஆட்டுங்க, இந்தத் தொட்டிய நாங்க பாத்துக்கிறோம்’ என்றாயாம். நாற்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அன்றிலிருந்து அவரை எல்லாரும் தொட்டில் தாத்தா என்று கூப்பிடுகிறார்களாம். ‘ஒரு வார்த்தையில் ஒழுங்கு வந்துவிட்டது அத்தா, நீங்கள் இருந்திருந்தால் ரசித்திருப்பீர்கள்’ என்று எழுதியிருக்கிறாய்.

ரசித்திருப்பேன். உன் அம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “இது நீங்க பேசுன பேச்சுத்தானே” என்றாள். நான் கடிதத்தை மடித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தந்தி ஆபீசுக்குப் போனேன்.

தோல் பதனிடுகிற நம் ஷாப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். நான்தான் மேஸ்திரி, பங்குக்காரனும்கூட. அதனால் ஆட்கள் முதலாளி என்றே கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு ஆட்கள். அய்யலூர்ச் சந்தை முடிந்ததும் ஆட்டுத்தோல் வண்டி வரும், ரெட்டியார்சத்திரம் பக்கமிருந்து ஆவாரம்பட்டை வரும். சுண்ணாம்புக் குழி, பட்டைக் குழி, எல்லாக் கழிவும் போய்ச் சேருகிற ஒரு பெரிய குழி. குழிவேலைக்குச் சந்தனம் என்று ஒருவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர், நான் அவரை வாடா போடா என்றுதான் பேசுவேன். குழித் தண்ணீரில் கையை விட்டு விரலோடு விரல் தேய்த்துப் பார்த்தே தோலை இன்றைக்கு எடுக்கலாமா, நாளைக்கா என்று சொல்லுவார். அந்த விரலால்தான் என் பெயர் மெட்ராஸ் வரைக்கும் நல்லபடியாகப் போயிற்று. அதை ஒரு நாள்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் ஏறி உட்கார்ந்துகொள்வான் என்று நினைத்தேன். உன் மாதிரி நானும் பெரிய நிர்வாகி.

அந்த வருஷம் மழை பொய்த்து, கிணறு வற்றி, ஷாப்பை இரண்டு மாதம் மூடினோம். மழை பெய்ததும் மறுநாளே வேலை தொடங்க வேண்டும் என்று குதித்தேன். கழிவுக் குழி பலகை போட்டு மூடிக் கிடந்தது. அடியில் சேறு. அதை அள்ளினால்தான் எதுவும் ஓடும். காலையில் எல்லா ஆட்களும் நிற்கும்போது சந்தனம் வந்து தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: “மொதலாளி, ரெண்டு மாசமா மூடிக் கெடந்த குழி. ரெண்டு நா தொறந்து போட்டுட்டு, வெளக்க எறக்கிப் பாத்துட்டுத்தான் ஆள எறக்கணும். உள்ள காத்து கெட்டுருக்கும்.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்று அவருக்கு ஒரு சலாம் போட்டேன். “கலெக்டர் துரை உத்தரவு போட்டுட்டாருடா, எல்லாரும் ரெண்டு நா லீவு எடுத்துக்கங்க” என்றேன். ஷாப்பே அதிர்ந்தது. ஒருவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். அன்றைக்கே ஆளை இறக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. மழை பெய்து ஒரு பலகை ஏற்கெனவே உளுத்து விழுந்திருந்தது, அந்தச் சந்து வழியாகக் காற்று போய் வந்திருக்கிறது, எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. குழிக்குள் இருந்தவன் வேண்டுமென்றே தலையை நீட்டி, “கலெக்டரே, உள்ள காத்து ஜில்லுனு இருக்கு” என்றான். அதற்கும் சிரிப்பு. ஒரு வாரத்துக்குள் அவர் பெயர் கலெக்டர் ஆகிவிட்டது. அவர் பெண்சாதி பேட்டையில் தண்ணீருக்குப் போனால் கலெக்டரம்மா வந்துட்டாங்க என்பார்களாம். நம் ஊரில் ஒரு மனுஷனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டால் அது அவன் கபருக்குப் போகிறவரை கூடவே போகும், பிள்ளைகளுக்கும் மிச்சம் இருக்கும். தெரிந்துதான் வைத்தேன்.

அன்று ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தபோது அந்தக் கதையை உனக்குச் சொன்னேன். அவர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதை நடித்தே காட்டினேன். நீ சிரித்துப் புரையேறி, சோற்றுப் பருக்கை மூக்கில் ஏறி, உன் அம்மா தலையில் தட்டினாள். நீ சிரித்ததில் எனக்கு அப்படி ஒரு பெருமை. அதன் பிறகு தினமும் அன்றைக்கு யாரை எப்படி மட்டம் தட்டினேன் என்று உனக்குச் சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. நீயும் அதற்காகவே சாப்பிடாமல் காத்திருப்பாய். ஆக, மகனே, நீ டைரி போட்டு, கண்ணாடி பார்த்து, தண்ணீர் ஊற்றி வளர்க்கிற பழக்கமெல்லாம் பதினொரு நாள்தான் நிற்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரும் டைரியில் எழுதாமல், என் தட்டிலிருந்து உன் தட்டுக்கு வந்த இந்த ஒன்று மட்டும் இருபது வருஷம் ஆகப்போகிறது, மெட்ராஸ் வரை வந்து குடித்தனம் பண்ணுகிறது.

அடுத்த வருஷமும் கோடையில் தண்ணீர் இல்லை. மறுபடி மூடினோம், மறுபடி திறந்தோம். இந்தத் தடவை பலகைகளைப் புதிதாக இழைத்து, சந்து இல்லாமல் நான்தான் மூட வைத்திருந்தேன். திறக்கிற அன்று சந்தனம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தோளில் ஒரு வடக்கயிற்றைச் சுற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். குழியில் இறங்க பரமன் என்று ஒருவனைச் சொல்லியிருந்தேன். இருபத்தைந்து வயது இருக்கும், தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. சந்தனம் யாரிடமும் கேட்காமல் போய் அந்தக் கயிற்றை அவன் இடுப்பில் கட்டினார். நான் அதைப் பார்த்தேன். பார்த்ததும் வாய் சும்மா இருக்குமா? “என்ன கலெக்டரே, மாட்ட மேய்க்கப் போறியா?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பரமனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இறங்கினான்.

நாலாவது படியில் அவன் சிரிப்பு நின்றது. கத்தவில்லை, கூப்பிடவில்லை. பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். சந்தனம் கயிற்றை இழுத்தார். மற்றவர்கள் ஓடிவந்து பிடித்தார்கள். கயிறு இல்லாவிட்டால் அவனை எடுக்க இன்னும் இரண்டு பேர் இறங்கியிருப்பார்கள், அவர்களும் போயிருப்பார்கள். மேலே எடுத்தபோது மூச்சு இருந்தது. குதிரை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் விடியும்போது போய்விட்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் வேப்ப மரத்தடியில் சந்தனம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார். எனக்கு யார் மேலாவது பாய வேண்டும் போலிருந்தது. அவர்தான் கிடைத்தார். தெரிஞ்சே கயிறு கொண்டுவந்தியே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை ஏன்டா சொல்லலை என்று கேட்டேன். அவர் எழுந்திருக்கவில்லை. முதல் தடவையாக நான் நிற்க, அவர் உட்கார்ந்தபடியே பேசினார்.

“போன வருசம் சொன்னேன் மொதலாளி. சிரிச்சீங்க. எம்பொண்டாட்டி இன்னிக்கு வரைக்கும் தலை குனிஞ்சுதான் தெருவுல போறா. இந்த வருசமும் சொன்னா சிரிப்பீங்க, அவனயும் எறக்குவீங்க. சொல்றதுக்குப் பதிலா கயித்தக் கொண்டாந்தேன்.”

பரமனின் பெண்சாதியிடம் நான் போய் என்ன சொன்னேன், அதையும் கேட்டுக்கொள். விதி என்றேன், அல்லாவின் நாட்டம் என்றேன். நன்றாகவே பேசினேன், துக்கம் கேட்க வந்தவர்கள்கூட தலையை ஆட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கதவைச் சாத்திவிட்டு, “உங்க தப்ப நீங்க வச்சுக்கங்க. அல்லா மேல போடாதீங்க” என்றாள். கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அதற்கு என்னிடம் நக்கலாகப் பதில் ஒன்று தயாராக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த நேரத்திலும் இருந்தது. அன்றைக்குத்தான் என்னைப் பார்த்து எனக்கே அருவருப்பு வந்தது.

இனிமேல் யாரையும் ஏளனம் செய்யமாட்டேன் என்று உறுதி எடுத்தேன். உன் மாதிரிதான். முதல் நாள் பதினொரு மணிக்குப் பட்டை வண்டிக்காரன் வந்தான், உறுதி போயிற்று. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளிவாசலிலேயே உட்கார்ந்து மறுபடி எடுத்தேன். சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் அதுவும் போயிற்று. ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே எடுப்பதும் விடுவதுமாக இருந்தேன். உறுதி எடுப்பதில் உன்னைவிட நான் அனுபவசாலி. அது ஒன்றுக்கும் உதவாது என்பதை என்னிடம் கேட்டுக்கொள். நாக்கு நம்மைவிட வேகமாக ஓடுகிறது. அதை நல்ல எண்ணம் போய்ப் பிடிப்பதற்குள் அது வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடும்.

வழி கிடைத்தது வெற்றிலையால். ஒரு நாள் வாய் நிறையக் குதப்பிக்கொண்டிருந்தேன். தோலில் சதை சீவுகிற ஒருவன் வந்து, கத்தி மழுங்கிப்போய்த் தோலில் கீறல் விழுகிறது என்றான். எனக்கு உடனே ஒரு வார்த்தை வந்தது. நல்ல வார்த்தை, ஷாப்பே சிரித்திருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் அவன் சட்டையெல்லாம் சிவப்பாகிவிடும். மதிலோரம் போய்த் துப்பிவிட்டு வந்து சொல்லலாம் என்று போனேன். திரும்பி வருவதற்குள் அந்த வார்த்தை ஆறிப்போயிருந்தது. ஆறிய வடையை யாருக்குக் கொடுக்க? வேறு வழியில்லாமல், எந்தக் கத்தி என்று கேட்டேன். அவன் காட்டினான். கத்தி உண்மையிலேயே மழுங்கித்தான் இருந்தது. அவ்வளவுதான் ஞானம். அன்றிலிருந்து ஷாப்பு வாசலில் நுழையும்போதே வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொள்வேன். ஒவ்வொரு குழியாகப் போய் ஆள் முன்னால் நிற்பேன், என்ன என்று புருவத்தைத் தூக்குவேன். அவன் சொல்லி முடிக்கிறவரை துப்ப முடியாது, துப்பாமல் பேச முடியாது. ஊரில் எல்லாரும் மேஸ்திரி பாய்க்கு வெற்றிலைப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். பல் போனதுதான் மிச்சம் என்று நீயும் போன பெருநாளைக்குக் கேலி செய்தாய். போன பல்லுக்குக் காரணம் இதுதான்.

நோன்பு மாதம் வந்தது. பகலில் வாயில் ஒன்றும் வைக்க முடியாது. முதல் நாலு நாளில் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டிவிட்டேன், ஒரு கிழவனை அழ வைத்தேன். வீட்டுக்கு வந்து அதையும் சொன்னேன். உன் அம்மா நோன்புக் கஞ்சியை முன்னால் வைத்துவிட்டு, “நோம்பு வயித்துக்கு மட்டுந்தானா, நாக்குக்கு இல்லையா?” என்றாள். மறுநாளிலிருந்து வாயில் வெற்றிலை இருப்பதாகவே வைத்துக்கொண்டு நடந்தேன். ஆள் பேசி முடித்ததும், ஒன்றும் இல்லாத வாயோடு மதிலோரம் வரைக்கும் போய்ச் சும்மா நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். பார்த்தவர்களுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும். நோன்புப் பெருநாள் வந்தபோது வெற்றிலை இல்லாமலே முக்கால்வாசி நாள் நிற்க முடிந்தது. முழுக்க இன்றுவரை முடியவில்லை. இந்தக் கடிதத்தைப் பார்த்தாலே தெரியும், பேனாவுக்கு வெற்றிலை கொடுக்க வழியில்லை.

சந்தனத்தின் முன்னாலும் தினமும் போய் நின்றேன். தினமும் அவர், “ஒண்ணுமில்ல மொதலாளி” என்பார். நீ மூன்று மாதத்தில் ஒழுங்கைக் கொண்டுவந்துவிட்டாய் அல்லவா, கேட்டுக்கொள். ஒன்றே முக்கால் வருஷம் அவர் அதையே சொன்னார். அந்தக் காலத்தில் இரண்டு தடவை சுண்ணாம்பு காரம் ஏறித் தோல் வீணாயிற்று. அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும். நான் கோபித்துக்கொள்ளவில்லை, பெருந்தன்மையால் அல்ல, கோபிக்க எனக்கு முகம் இல்லை. மறுநாளும் போய் நின்றேன். வாடா என்பதை விட்டுவிட்டுச் சந்தனம் அண்ணே என்று கூப்பிடப் பார்த்தேன். அவருக்கு அது இன்னும் பயமாகிவிட்டது, புதிதாக ஏதோ கேலி என்று நினைத்துவிட்டார். பிறகு சந்தனம் என்று பெயரை மட்டும் சொன்னேன். கலெக்டர் என்று கூப்பிட்ட ஒருவனை எல்லார் எதிரிலும் நிறுத்தி, அந்தப் பட்டப்பெயரை வைத்தது நான், வைத்தது தப்பு, இனி இங்கே யாரும் அப்படிச் சொல்லக் கூடாது என்றேன். மைக் இல்லாமல்தான் சொன்னேன். அதற்குப் பிறகும் எட்டு மாதம் ஆயிற்று.

ஒரு நாள் காலையில் அவர் குழியிலிருந்து கையை எடுத்து, விரலைத் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “மூணாங்குழி நாளைக்குத் தாங்காது. இன்னிக்கே எடுத்துரணும்.” நான் மதிலோரம் போய்த் துப்பிவிட்டு ஓட்டமாகத் திரும்பி வந்து, எடுத்துருவோம், வேற என்றேன். அவர் விரலைத் துண்டில் துடைத்தார். “வேற... அந்தக் கயிறு இத்துப்போச்சு. புதுசு ஒண்ணு வாங்கிப் போடணும்” என்றார். நான் கோயில் பக்கத்துக் கயிற்றுக் கடைக்கு நானே போய் வாங்கி வந்தேன். வழியெல்லாம் அழுதேன். உனக்கு அது சிரிப்பாக இருந்தால் சிரித்துக்கொள், எனக்கு வெட்கம் இல்லை.

நீ எனக்கு எழுதியதில் தலைமை என்ற சொல் பதினான்கு இடத்தில் வருகிறது, உன் அம்மா எண்ணச் சொன்னாள், எண்ணினேன். கேட்டேன் என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. சம்பள உயர்வு கேட்டேன் என்று. நன்றாகப் பேசத் தெரிந்தவன் தலைவன் என்று உனக்கு யார் சொன்னார்கள்? நானும் நன்றாகப் பேசுகிறவன்தான். அந்த ஷாப்பிலேயே என்னைப்போல் பேச ஆள் இல்லை. என் பேச்சுக்கு இருபத்திரண்டு பேர் சிரித்தார்கள், அதில் ஒருவன் சிரித்துக்கொண்டே செத்தான். உன் திங்கட்கிழமைப் பேச்சை நிறுத்து. அந்தக் கால் மணி நேரத்தில் நாலு பேர் முன்னால் போய் வாயை மூடிக்கொண்டு நில். முதல் நாள் ஒண்ணுமில்லை என்பார்கள். மறுநாளும் போ. நாலரைக்கு எழுந்திருக்க வேண்டாம், ஏழு மணிக்கு எழுந்தாலும் போதும், ஆனால் தினமும் போ. டைரியில் எழுதாதே. எழுதினால் அதையே ஒரு சாதனையாக வைத்துக்கொண்டு எனக்கு எட்டுப் பக்கம் அனுப்புவாய்.

ஆனால் இதெல்லாம் பிறகு. முதலில் சனிக்கிழமை. இந்தக் கடிதம் வியாழக்கிழமை வந்துவிடும். வந்த உடனே, சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல், அந்தப் பெரியவரிடம் போ. ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பாதே, அவர் வேலை செய்கிற இடத்துக்கு நீ போ. நாற்பது பேர் எதிரில் சிரிக்க வைத்தாய், அதே நாற்பது பேர் எதிரில் மன்னிப்புக் கேள். அன்றைக்குச் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லச் சொல். அவர் ஒன்றுமில்லை என்றால் அது பதில் என்று நினைத்துத் திரும்பி வந்துவிடாதே. அது பதில் இல்லை, உனக்குக் கொடுத்த தண்டனை. அவர் சொல்கிறவரை தொட்டியில் யாரும் இறங்க வேண்டாம், வெளிநாட்டுக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டுப் போகட்டும். உன் வேலை போனால் இங்கே வா, உனக்குச் சோறு போட உன் அம்மா இருக்கிறாள்.

இதை ஒட்டுவதற்கு முன்னால் உன் எட்டுப் பக்கத்தையும் மறுபடி ஒரு தடவை தேடிப் பார்த்தேன். உன் பெரிய மானேஜர் பெயர் இருக்கிறது, வரப்போகிற வெளிநாட்டுக்காரன் பெயர் இருக்கிறது, மைக் வாடகைக்கு விடுகிறவன் பெயர்கூட இருக்கிறது. அந்தப் பெரியவரின் பெயர் எந்த இடத்திலும் இல்லை. உனக்கு அது தெரியாது என்று நினைக்கிறேன். போய்க் கேட்டு, எனக்கு எழுது.